‘கம்பெனியை வாங்கப் போறானாம்’: ஒரு சின்ன ஐடி ஷேரும் எங்கள் ஊர்ப் பேச்சும்

சின்ன சாப்ட்வேர் கம்பெனி ஒன்றின் பங்கை வைத்திருக்கிறோம், அதைப் பெரிய கம்பெனி வாங்கப் போகிறது என்று பேச்சு கிளம்புகிறது என்றால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: நிஜமா, புரளியா? அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தவர்களே காசை விட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஏனென்றால் பேச்சு முக்கால்வாசி உண்மையாகத்தான் இருந்தது. வாங்க வந்தவன் எதை வாங்குகிறான், யாரிடமிருந்து வாங்குகிறான், அந்தப் பணம் யார் கணக்கில் போய் விழும் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் தொழில். நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அதற்கு இரண்டு தொழில். ஒன்று, ஆஸ்பத்திரிகளுக்கான பில்லிங் சாப்ட்வேர். இன்னொன்று, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் கொடுக்கிற வேலை. பில்லிங் சாப்ட்வேரை அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் வரைக்கும் போய் நானே பல நர்சிங் ஹோம்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை போட்ட ஆஸ்பத்திரி லேசில் மாற்றாது. நோயாளி விவரம், இன்சூரன்ஸ் க்ளைம், மருந்துக் கடை ஸ்டாக் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் தவறாமல் கட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் நான் பங்கு வாங்கினேன். வாங்குகிற காலத்தில் யாரும் அந்தக் கம்பெனியைச் சீண்டவில்லை.

எங்கள் பக்கம் ஐடி சேதி பேப்பரில் வருவதற்கு முன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துவிடும். தெருவுக்கு நாலு பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு என்று ஊருக்கு வரும்போது ஆபீஸ் கதையும் கூடவே வரும். இந்தக் கம்பெனியின் சென்னை ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு பையன், “வெளிநாட்டுக்காரங்க வந்து ஒரு வாரமா கணக்கு வழக்கெல்லாம் பார்த்துட்டுப் போனாங்க” என்று கொடையில் யாரிடமோ சொல்லியிருக்கிறான். அது வண்ணார்பேட்டையில் நாங்கள் உட்காருகிற பங்குத் தரகர் (சப்-புரோக்கர்) ஆபீஸுக்கு வந்து சேரும்போது, “அமெரிக்காக்காரன் விலை பேசி முடிச்சுட்டான், ஒரு ஷேருக்கு ரெண்டு மடங்கு” என்று ஆகியிருந்தது.

அந்த ஆபீஸில் ரிட்டயர்டு ஆன அண்ணாச்சி ஒருத்தர் காலையிலேயே வந்துவிடுவார். மொபைலில் வியாபாரம் செய்யத் தெரிந்தாலும் திரைக்கு முன்னால் நாலு பேரோடு உட்கார்ந்தால்தான் அவருக்குத் திருப்தி.

“தம்பி, சங்கதி தெரியும்லா? உம்ம கம்பெனிய வாங்கப் போறானாம்.”

“யாரு அண்ணாச்சி சொன்னா?”

“எவன் சொன்னா என்ன? தெனமும் அப்பர் சர்க்யூட்ல பூட்டிக்கிடுதுல்லா, அது போதாதா?” (ஒரு நாளில் விலை ஏறக்கூடிய உச்ச வரம்புதான் அப்பர் சர்க்யூட். அதைத் தொட்டு நின்றால் விற்க ஆள் இருக்காது.)

அண்ணாச்சி தலைமுறைக்குக் கம்பெனி கைமாறுவது என்றாலே நினைவுக்கு வருவது தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிதான். 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கியது. 1990களில் அதன் பெரும்பங்கு எஸ்ஸார் குழுமத்துக்குப் போய், அங்கிருந்து தொழிலதிபர் சிவசங்கரன் கைக்கு மாறி, அதை மீட்கச் சமுதாயத்தார் பணம் திரட்டி அலைந்த கதை இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். சந்தையில் பட்டியலாகாத பங்கு, கட்டுப்பாட்டுக்காக இரண்டு தரப்பு மல்லுக்கட்டிய காலம், அதனால் பங்குக்கு ஒரு தனி மவுசு. (அது பங்குச் சந்தைக்கு வந்ததே 2022 செப்டம்பரில்தான், 510 ரூபாய் விலையில்.) அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்து, பட்டியலான ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனிக்குப் பொருத்திப் பார்த்தால் சரிவராது. இங்கே எதிர்த்து நிற்கிற தரப்பே கிடையாது. புரமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற முதலாளி, விற்றால் விற்றதுதான். சிறு பங்குதாரருக்கு என்ன விலை என்பதை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்துகிற செபியின் விதி சொல்லும்.

அந்த விதியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 2011ஆம் ஆண்டின் கையகப்படுத்தல் விதிகளின்படி, பட்டியலான ஒரு கம்பெனியில் ஒருவர் 25 சதவீத வாக்குரிமையைத் தொட்டாலோ, நிர்வாகக் கட்டுப்பாட்டை வாங்கினாலோ, மற்ற பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது இன்னொரு 26 சதவீதத்தை வாங்க ஓபன் ஆஃபர் கொடுத்தாக வேண்டும். விலையும் அவர் இஷ்டத்துக்கு இல்லை. புரமோட்டருக்குப் பேசிய விலை, கடந்த 52 வாரத்தில் அவர் வாங்கியதன் சராசரி, கடந்த 26 வாரத்தில் அவர் கொடுத்த அதிகபட்ச விலை, நன்றாக வியாபாரமாகிற பங்கு என்றால் கடைசி 60 வர்த்தக நாளின் சராசரி சந்தை விலை என்று பலவற்றைப் பார்த்து, எது கூடுதலோ அதற்குக் குறையக் கூடாது.

இதில் அந்த 60 நாள் சராசரியைத்தான் எங்கள் ஆபீஸில் எல்லாரும் தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். “விலை ஏற ஏற ஆஃபர் விலையும் ஏறும்லா” என்று. ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். முதல் 50 நாள் பங்கு 100 ரூபாயில், தினமும் ஒரே அளவு வியாபாரம். கடைசி 10 நாள் பேச்சு கிளம்பி 150 ரூபாய், வியாபாரமும் 5 மடங்கு. வியாபார அளவையும் சேர்த்துப் போடுகிற சராசரி இது, 125தான் வருகிறது. 150க்கு வாங்கியவனுக்கு விதி தருகிற பாதுகாப்பு 125 வரைக்கும்தான், அதற்கு மேலே புரமோட்டர் பேசுகிற விலையை நம்பித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஆஃபர் 26 சதவீதத்துக்குத்தான், நம் பங்கு முழுவதற்கும் இல்லை. புரமோட்டரிடம் 45 சதவீதம், பொதுமக்களிடம் 55 சதவீதம் என்று வைப்போம். புரமோட்டர் தன்னுடையதை விற்றுவிட்டுப் போகிறார், பொதுமக்கள் எல்லாரும் ஆஃபரில் கொடுக்கிறார்கள். 55இல் 26தான் எடுப்பார்கள். 1,000 பங்கு கொடுத்தவரிடம் 472 எடுத்துக்கொண்டு 528ஐத் திருப்பிவிடுவார்கள். ஆஃபர் விலை 150, ஆஃபர் முடிந்ததும் சந்தை விலை 110க்கு இறங்குகிறது என்றால், மொத்தமாகக் கையில் நிற்பது பங்குக்கு ஏறக்குறைய 129 ரூபாய். “150க்கு ஆஃபர் வரும், 140க்கு வாங்கினா சும்மா கிடைக்கிற லாபம்” என்று கணக்குப் போட்டவர், ஆஃபர் சொன்னபடி வந்தாலும் நஷ்டத்தில்தான் முடிப்பார். நிஜத்தில் எல்லாரும் கொடுப்பதில்லை, அதனால் இதைவிடக் கூடுதலாகவே எடுப்பார்கள். ஆனால் புதிதாக வாங்கப் போகிறவர் இந்த மோசமான கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதைக் கேட்ட அண்ணாச்சி, “நீரு கணக்கு வாத்தியாராட்டுல்லா பேசுதீரு” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே இன்னும் கொஞ்சம் வாங்கினார். அவர் பணம், அவர் விருப்பம். வருத்தப்பட வைத்தது இன்னொரு ஆள். வீட்டு நகையை அடகு வைத்து வாங்கினார். டீல் என்றால் எத்தனை மாதம் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மைண்ட்ட்ரீ என்ற ஐடி கம்பெனியை எல் அண்ட் டி வாங்கியது எல்லாருக்கும் தெரிந்த பெரிய டீல். 2019 மார்ச்சில், அதன் பெரிய பங்குதாரரான வி.ஜி. சித்தார்த்தாவிடம் இருந்த சுமார் 20 சதவீதத்தை ஒரு பங்கு 980 ரூபாய் விலையில் வாங்குவதாக அறிவித்து, அதே விலையில் 31 சதவீதத்துக்கு ஓபன் ஆஃபர் கொடுத்தார்கள். அந்த ஆஃபர் திறந்தது ஜூனில். அவ்வளவு பெரிய கம்பெனி, பணம் தயாராக இருந்தும் மூன்று மாதம். வட்டி அதுவரைக்கும் சும்மா இருக்காது.

விலையும் ஊர் நினைக்கிற மாதிரி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வருவதில்லை. 2024 மே மாதம் சிக்னிட்டி என்ற ஐடி கம்பெனியை கோஃபோர்ஜ் வாங்குவதாக அறிவித்தபோது புரமோட்டருக்கும் சரி, ஓபன் ஆஃபருக்கும் சரி, விலை 1,415 ரூபாய்தான், சந்தை விலையின் இரண்டு மடங்கெல்லாம் இல்லை. அந்த கோஃபோர்ஜே முன்பு என்ஐஐடி டெக்னாலஜீஸ் என்ற பெயரில் இருந்தபோது, 2019இல் பேரிங் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது 1,394 ரூபாய்க்கு, ஆஃபரும் அதே விலை. சத்யமில் டெக் மஹிந்திரா 2009இல் கொடுத்த விலை 58 ரூபாய். ஆஃபர் திறந்த நேரத்தில் சந்தை விலை அதற்கு மேலே போய்விட்டதால் அந்த ஆஃபரை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சரி, “கம்பெனியே வாய் திறந்து சொல்லட்டுமே” என்று கேட்கலாம். வதந்தி வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆமாம், இல்லை என்று சொல்ல வேண்டும் என்ற செபி விதி இருக்கிறது. 2024 ஜூன் முதல் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளுக்கு, டிசம்பர் முதல் 250 கம்பெனிகளுக்கு. எங்கள் கம்பெனி அந்தப் பட்டியலின் வாசலுக்குக் கூடப் போகாத அளவு சின்னது. ஆக, பேச்சு அதிகமாகக் கிளம்புகிற சின்னப் பங்குகளுக்கு அந்த விதி கிடையாது. பங்குச் சந்தை விளக்கம் கேட்டது, கம்பெனியும் பதில் கொடுத்தது: வெளியிட வேண்டிய தகவல் எதுவும் இப்போதைக்கு இல்லை, வந்தால் விதிப்படி வெளியிடுவோம். இதை ஆபீஸில் பாதிப் பேர் “மறுத்துட்டான்” என்று படித்தார்கள், பாதிப் பேர் “மறுக்கவே இல்ல பாத்தீரா” என்று படித்தார்கள். இரண்டும் அதில் இல்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் இதே வரிகளை எழுதலாம், நடக்காவிட்டாலும் இதே வரிகள்தான்.

அந்தப் பையன் சொன்ன சேதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனிக்குள்ளிருந்து வந்த, வெளியே யாருக்கும் தெரியாத, விலையை அசைக்கக் கூடிய தகவல் கையில் இருந்தால், 2015ஆம் ஆண்டின் உள்வணிகத் தடை விதிகளின்படி நீங்களும் உள்ளாள்தான் (இன்சைடர் என்பார்கள்). வேலை பார்ப்பது பையனாக இருந்தாலும், வாங்கியது மாமாவாக இருந்தாலும். அபராதம் குறைந்தது 10 லட்சம், அதிகபட்சம் 25 கோடி அல்லது லாபத்தின் மூன்று மடங்கு, இரண்டில் எது கூடுதலோ அது. பையனின் வேலையும் போகும். அவன் அப்பாவிடம் இதை எடுத்துச் சொன்னபோது, “ஏதோ பிள்ள வீட்ல பேசினது” என்றார். வீட்டில் பேசியதுதான் பிரச்சினையே. கேட்டது பொய்யாக இருந்தால் பணம் போகும், உண்மையாக இருந்தால் நோட்டீஸ் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு லாபம் எதுவும் தெரியவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு இடத்தை. பங்குச் சந்தைத் தளத்தில் சாயங்காலம் பல்க் டீல் பட்டியல் வரும். கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ பெயரோடு அதில் இருக்கும். விலை பறக்கிற நாட்களில் வெகு காலமாகப் பங்கு வைத்திருந்த ஒரு முதலீட்டு நிறுவனம் அதில் விற்றுக்கொண்டே இருந்தது. அதற்கப்புறம் வந்த காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை, சிறு பங்குதாரர் எண்ணிக்கை மட்டும் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. (காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் இது வந்துவிடும், 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் பொதுப் பங்குதாரர் பெயர் எல்லாம் இருக்கும். அண்ணாச்சி மாதிரி ஆட்கள் வருஷக் கணக்காக ஷேர் வாங்குகிறார்கள், இதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.) போட்ட முதல் திரும்பி வருகிற அளவுக்கு நானும் விற்று எடுத்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது தொழிலை நம்பி.

அப்புறம் ஒருநாள் மாலை சந்தை மூடிய பிறகு அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி வாங்குவது உண்மைதான். ஆனால் அவன் வாங்கியது பங்கை அல்ல, ஆஸ்பத்திரி சாப்ட்வேர் பிரிவை மட்டும். ஸ்லம்ப் சேல் என்பார்கள், ஒரு தொழிலை அதன் சொத்து, கடன், ஆட்களோடு ஒரே தொகைக்குக் கைமாற்றுவது. தோப்பை விற்கவில்லை, தோப்பில் நின்ற தேக்கை மட்டும் வெட்டி விற்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரமோட்டர் பங்கு கைமாறவில்லை, கட்டுப்பாடு மாறவில்லை, ஆகையால் ஓபன் ஆஃபர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்குப் போகும், அங்கே முதலில் கம்பெனி வரி கட்டும், மிச்சத்தை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபமாகக் கொடுத்தால் அதற்கு நாம் நம் வருமான வரி விகிதப்படி மறுபடி கட்ட வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அதுவும் அவர்கள் இஷ்டம்.

மறுநாள் காலையில் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கடைசி வரம்பு. அதற்கு அடுத்த நாளும். அப்பர் சர்க்யூட்டில் வாங்க முடியாமல் தவித்தவர்களுக்கு அப்போதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது, விற்க ஆர்டர் போட்டு வரிசையில் நிற்கலாம், எதிரில் வாங்குகிறவன் இல்லை. விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களுக்கும் அதே கதைதான், ஆர்டர் கிளம்பும், ஆனால் நிறைவேறாது. நகை வைத்தவர் வெளியே வரும்போது பூட்டு திறந்திருந்தது, விலை எங்கேயோ கீழே இருந்தது.

எனக்கு இதில் ஆச்சரியம் அவ்வளவாக இல்லை. அந்த சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தவன் என்ற முறையில் வெளிநாட்டுக்காரன் எதற்காக வருவான் என்று யோசித்தால், ஆள் அனுப்புகிற தொழிலுக்காக வர மாட்டான், அது அவன் ஊரிலேயே நூறு கம்பெனியிடம் கிடைக்கும் என்பது விளங்கும். இரண்டு தொழில் வைத்திருக்கிற சின்னக் கம்பெனியில் வாங்க வருகிற பேச்சு எழுந்தால், ஆண்டறிக்கையில் பிரிவு வாரியான வருமானக் கணக்கைத் திறந்து, இதில் எந்தத் துண்டுக்கு ஆள் வருவான் என்று பார்ப்பது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும். புரமோட்டருக்குக் கம்பெனியை விட்டுப் போகிற எண்ணம் உண்டா என்பது இரண்டாவது. எங்கள் கம்பெனியில் புரமோட்டரின் மகன் அப்போதுதான் இயக்குநர் குழுவில் சேர்ந்திருந்தார். போகப் போகிறவர் மகனைக் கொண்டுவந்து உட்கார வைப்பாரா?

(இதே பேச்சோட்டத்தில் ஆபீஸில் ஒரு தம்பி, “அப்போ மத்தளம்பாறை கம்பெனி ஷேர் எங்க வாங்கலாம்?” என்று கேட்டான். தென்காசிப் பக்கம் இருக்கிற, ஸ்ரீதர் வேம்புவின் சோஹோவைத்தான் சொன்னான். அது பட்டியலாகாத கம்பெனி, சந்தையில் கிடைக்காது. யாராவது அதன் பங்கு தருகிறேன் என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.)

ஒரு விஷயம் மட்டும் சிறு பங்குதாரர் கையில் மிச்சம் இருந்தது, வாக்கு. முக்கியமான தொழில் பிரிவை விற்பதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 2023இல் செபி கொண்டுவந்த விதிப்படி, அந்த வாக்கெடுப்பில் பொதுப் பங்குதாரர்கள் போட்ட வாக்குகளில் ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால்தான் தீர்மானம் செல்லும். புரமோட்டர் தன் வாக்கை வைத்து மட்டும் தள்ளிவிட முடியாது. தபால் வாக்கெடுப்பு என்று பெயர், நடப்பது ஆன்லைனில், 30 நாள் அவகாசம். விற்ற விலை நியாயமா என்று நான் பார்த்தேன், பிரிவின் ஆண்டு லாபத்தோடு ஒப்பிட்டால் நல்ல விலைதான், டிவிடெண்ட் எவ்வளவு தருவோம் என்று மட்டும் சொல்லவில்லை. அதைக் கேட்டு முதலீட்டாளர் தொடர்பு முகவரிக்கு ஒரு மெயில் போட்டேன், எங்கள் ஆபீஸில் இன்னும் சிலரையும் போட வைத்தேன். எங்கள் மெயில்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாக்கெடுப்பு முடிவதற்குள் வருகிற தொகையில் ஒரு பகுதியைச் சிறப்பு டிவிடெண்டாகத் தருவோம் என்று கம்பெனி அறிவித்தது. ஆதரித்து வாக்குப் போட்டேன்.

அண்ணாச்சிக்கு அந்த நோட்டீஸே வரவில்லை. விசாரித்தால், பங்குகளை வைத்திருக்கிற டீமேட் கணக்கு தொடங்கியபோது நெட் சென்டர் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டிருக்கிறான், அதன் பாஸ்வேர்டு அவனுக்கே ஞாபகம் இல்லை. ஓபன் ஆஃபர் வந்திருந்தால் அந்தக் கடிதமும் அங்கேதான் போயிருக்கும். ஆஃபரில் பங்கு கொடுக்க 10 வேலை நாள்தான் அவகாசம், தவறினால் அவ்வளவுதான். அவரைக் கூட்டிக்கொண்டு போய் புரோக்கர் ஆபீஸில் கேஒய்சி திருத்தப் படிவம் எழுதிக் கொடுத்து மகள் மெயிலையும் அவர் மொபைல் நம்பரையும் சேர்த்தோம். வங்கிக் கணக்கும் பழையதாக இருந்தது, கிளை இணைந்து ஐஎஃப்எஸ்சி மாறிய பிறகு டிவிடெண்ட் வராமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். ஏழு வருஷம் கேட்காமல் கிடந்தால் அந்த டிவிடெண்டும், தொடர்ந்து கேட்காத பங்கும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், அங்கிருந்து திரும்ப வாங்குவது தனி அலைச்சல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பங்கு வைத்திருந்தால், எந்தக் கம்பெனியை எவன் வாங்கப் போகிறான் என்று கேட்பதற்கு முன்னால் அவர்கள் டீமேட் கணக்கில் யார் மெயில், யார் நம்பர் இருக்கிறது என்று ஒருதடவை திறந்து பார்த்துவிடுங்கள்.